உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் அடிக்கும் ஊரில் வெளிச்சுவருக்கு எதை, எப்போது பூசுவது?

கடலோரவாசி (இராதாபுரம் வட்டம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உவரிக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. செங்கல் கட்டு, சிமெண்ட் பூச்சு, மேலே தட்டட்டி (மட்டமான கூரை). சென்ற ஆண்டு மார்கழியில், பொங்கலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று வெளிச்சுவர் முழுவதும் பட்டி பார்த்து, ப்ரைமர் அடித்து, விலை கூடிய வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட்டு பூசினோம். சித்திரை வரை வீடு பார்க்க அழகாகவே இருந்தது. இந்த ஐப்பசி மழை தொடங்கியதும் தெற்கு, கிழக்குச் சுவர்களில் தரையிலிருந்து ஜன்னல் மட்டம் வரை கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, தொட்டால் பொரிந்து உதிர்கிறது. சன்ஷேடுகளுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் வழிந்திருக்கின்றன. ஒரு சன்ஷேடின் அடிப்பக்கத்தில் துருநிறத்தில் ஒரு கோடும் தெரிகிறது.

பெயிண்ட் வாங்கிய கடையில் கேட்டபோது, உத்தரவாதச் சீட்டில் சுவரின் ஓதத்தால் (ஈரக்கசிவால்) வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருப்பதைக் காட்டிவிட்டு, இதற்கு மேல் ரப்பர் போல நீளும் தடித்த நீர்த்தடுப்புப் பெயிண்ட் ஒன்றை அடித்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறார்கள். இந்தப் பொங்கலுக்குள் அதை முடித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் விருப்பம். மீண்டும் செலவு செய்வதற்கு முன், நம் பக்கத்து மண்ணையும் காற்றையும் அறிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பாளைப் பொறியாளர் எழுதியது:

தம்பி, அந்தத் தடித்த பெயிண்டை இப்போதைக்குத் தொடவே வேண்டாம். சுவருக்குள்ளிருந்து வருகிற ஈரத்துக்கு வெளியே மூடி போட்டால், ஈரம் உள்ளே தங்கி அடுத்த ஆண்டு பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். முதலில் நோய் என்ன என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பழைய பிளேடு போதும்.

ஒரு கொப்புளத்தைக் கீறி, உரிந்து வரும் ஏட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். வெள்ளைப் பொடியும் மணலும் ஒட்டிக்கொண்டு வந்தால், பூச்சுக்குள் உப்பும் ஈரமும் இருக்கின்றன என்று பொருள். மணல் ஒட்டாமல், கீழே பழைய பெயிண்ட் அப்படியே தெரிய, மேல் கோட்டு மட்டும் தனியாகக் கழன்று வந்தால், பழைய பரப்பு மாவாகியிருந்தும் அதைக் கழுவாமலும் தேய்க்காமலும் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே சுவரில் இரண்டும் இருக்கலாம். அதனால் தரையருகே ஓரிடம், சன்ஷேடு மட்டத்தில் ஓரிடம் எனத் தனித்தனியாகப் பாருங்கள்.

உப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் நம் கடற்கரையில் மழையைக் காட்டிலும் சுவரைக் கெடுப்பது அதுதான். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். அடைமழைக் காலத்தில் அடுக்களை உப்பு ஜாடியில் தண்ணீர் ஊறுவதும் இதனால்தான். கடலோரத்தில் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டும். எனவே உப்பேறிய சுவர் மழையே பெய்யாத நாளிலும் நனைகிறது, மறுநாள் வெயிலில் காய்கிறது. காயும்போது கரைந்த உப்பு மீண்டும் பரலாகிறது (படிகமாகிறது). பரல் பெயிண்ட் ஏட்டுக்குப் பின்னால் வளரும்போது ஏட்டைத் தள்ளுகிறது, பூச்சின் நுண்துளைகளுக்குள் வளரும்போது பூச்சையே மணலாக்குகிறது. எந்த விலைப் பெயிண்டும் இந்தத் தள்ளலைத் தாங்குவதில்லை.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்த கேள்வி. கட்டும்போது கலவைக்கும் சுவர் நனைக்கவும் எந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினீர்கள்? மணல் எங்கிருந்து வந்தது? வெளித்தரை வீட்டின் அடித்தள மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா? இவற்றுக்கு விடை சொல்லுங்கள்.

கடலோரவாசி எழுதியது:

மிக்க நன்றி அண்ணாச்சி. நீங்கள் சொன்னபடியே கீறிப் பார்த்தேன். தரையருகே வந்த ஏட்டின் பின்பக்கம் முழுவதும் வெள்ளைப் பொடி. விரலால் தேய்த்தால் பூச்சு மணல் மணலாக உதிர்கிறது. சன்ஷேடு மட்டத்தில் வந்த ஏடு தாள் போலக் கழன்றது. அடியில் பழைய மஞ்சள் பெயிண்ட் முழுதாக நிற்கிறது, உள்ளங்கையால் தடவினால் மஞ்சள் மாவு கையில் ஒட்டுகிறது.

வீடு கட்டும்போது எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத்தான் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தியதாகக் கொத்தனார் சொல்கிறார். அது வாயில் வைக்க முடியாத உவர். மேலும், சில ஆண்டுகளுக்கு முன் முற்றத்தை மேடாக்கத் தேரி மண் (நம் பக்கத்துச் செம்மணல்) அடித்தோம். தெற்குப் பக்கம் அந்த மண் இப்போது சுவரை ஒட்டி அடித்தள மட்டத்துக்கு மேலே நிற்கிறது. துணி துவைக்கிற கல்லும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

பாளைப் பொறியாளர் எழுதியது:

விடை கிடைத்துவிட்டது. அடித்தள மட்டத்தில் ஓதம் மேலேறாமல் இருக்கப் போட்ட தடுப்புப் பட்டையைத் தாண்டி மண் நிற்பதால், அந்தப் பட்டை இருந்தும் இல்லாததும் ஒன்றே. துவைக்கிற தண்ணீர் மண்ணில் இறங்கி, செங்கல்லில் ஏறி, ஏற்கெனவே கலவையில் இருந்த உப்பையும் தூக்கிக்கொண்டு வெளிப்பரப்புக்கு வருகிறது. ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குச் சேர்க்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு 2000 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. வாயில் வைக்க முடியாத தண்ணீரைப் பரிசோதிக்காமல் கலவையில் ஊற்றுவது எவ்வளவு பெரிய துணிவு என்று இதிலிருந்து புரியும்.

பூச்சுக்காரர் (நாசரேத் பக்கம்) எழுதியது:

வணக்கம். எங்கள் அப்பா காலத்திலிருந்து சுவர் பூசுவதுதான் எங்களுக்குத் தொழில். பொறியாளர் ஐயா சொன்ன உப்பும் உண்மை, ஓதமும் உண்மை. என்றாலும் நான் நாள் கணக்கைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நம் பக்கத்தில் பெயிண்ட் கெடுவதில் பெரும்பங்கு மாதம் தவறுவதால் வருகிறது என்பதை இத்தனை காலமும் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். அந்த வழக்கம் உருவான காலத்தில் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரச்சுவரை விரும்பும். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து அது இறுகிக் கல்லாவதற்கே ஈரம் தேவை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதையும் குடித்துவிட்டு நிற்கும் சுவருக்கு மார்கழியில் சுண்ணாம்பு அடித்தது மிகவும் சரியான செயல். எமல்ஷன் அப்படிப்பட்டதன்று. அதிலுள்ள தண்ணீர் வெளியேறிய பிறகுதான் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஏடாகின்றன. சுவருக்குள் மழைத்தண்ணீர் நிற்கும்போது அதன் மேல் எமல்ஷனை இழுத்தால், மாசி, பங்குனி வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடி அந்த ஏட்டைத்தான் முட்டும். சுண்ணாம்பு போய் எமல்ஷன் வந்துவிட்டது. பூசும் மாதத்தை மட்டும் நாம் மாற்றவில்லை. கார்த்திகையில் தொடங்கி என் கைப்பேசி ஓய்வதில்லை, எல்லோருக்கும் பொங்கலுக்குள் முடிய வேண்டும். மாசியில் கையாட்களுக்கு வேலை தேடி அலைகிறேன். சுவர் உண்மையாகவே காய்ந்து பெயிண்டுக்குத் தயாராக நிற்பது அந்த மாசியில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. வெள்ளம் புகுந்த வீடுகளில் தண்ணீர் நின்ற மட்டம் சுவரில் கோடு போட்டது போலத் தெரிந்தது. அந்தக் கோட்டை மறைக்க வேண்டும் என்று அவசரமாகப் பொங்கலுக்குள் பூசிய வீடுகளையும், கோடை முடியும் வரை காத்திருந்த வீடுகளையும் இன்றைக்கு எங்கள் பகுதியில் தெருவில் நடந்தபடியே என்னால் பிரித்துக் காட்ட முடியும்.

தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் கை வைத்தால் சுடும் சுவரில் அடிக்கக்கூடாது. தூரிகை நகர்வதற்குள் காய்ந்து, ஏடு பிடிக்காமல் போய்விடும். அதற்குப் பிறகு ஆனி, ஆடியில் கச்சான் காற்று (மேல்காற்று) எழுந்துவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் அந்தக் காற்று இராதாபுரம் பக்கம் மண்ணை வாரி இறைப்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈரப் பெயிண்டில் தேரி மண் ஒட்டினால் சுவர் உப்புத்தாள் ஆகிவிடும். நாளுக்குள்ளும் நேரம் பார்க்க வேண்டும். காலையில் மேற்குச் சுவர், மதியத்துக்கு மேல் கிழக்குச் சுவர் என்று நிழலைப் பின்தொடர்ந்து அடிக்க வேண்டும். கடலோரத்தில் நான்கு மணிக்கு மேல் தூரிகையைக் கழுவி வைத்துவிட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் அடித்த கோட்டின் மேல் இரவுப் பனி இறங்கினால், பெயிண்டில் கலந்திருக்கும் சோப்புத்தன்மையுள்ள பொருள் கரைந்து பிசுபிசுப்பான கோடுகளாக வழியும். அது பெயிண்ட் கெட்டுப்போனதன்று. சில நாள் கழித்து நல்ல தண்ணீரால் கழுவினால் போய்விடும். ஆனாலும் வீட்டுக்காரர் மனம் அதைக் கண்டு நொந்துபோகும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் (மணப்பாடு) எழுதியது:

பூச்சுக்காரத் தம்பி சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னதைப் படித்து மகிழ்ந்தேன். அப்படியானால் சுண்ணாம்புக்கே ஏன் திரும்பக்கூடாது என்பது என் கேள்வி. எங்கள் தெருவில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய வீடுகள், கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையில் கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் சேர்த்துப் பூசப்பட்டவை, இன்றும் பூச்சு உதிராமல் நிற்கின்றன. அவற்றில் உப்பு ஏறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உப்பு ஏறுகிறது, சுண்ணாம்பின் வழியாகவே வெளியே வந்து பொடியாக விழுகிறது. ஆண்டுக்கொரு முறை அடிக்கும் சுண்ணாம்பு அந்தச் சேதத்தைத் தான் வாங்கிக்கொண்டு சுவரைக் காக்கிறது.

நாங்கள் அடித்த முறையையும் எழுதி வைக்கிறேன், இளையவர்களுக்குப் பயன்படலாம். சுட்ட கிளிஞ்சலைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டுத் தாளித்து, சில நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, அதில் அரிசிக் கஞ்சியோ கோந்தோ சேர்த்து, கண் பறிக்கும் வெண்மைக்காகச் சிட்டிகை நீலம் கலப்போம். தூரிகைக்குப் பதிலாக நுனியை நசுக்கி நாராக்கிய மட்டை. சுவரை முதலில் நனைத்து, மோர் போன்ற பதத்தில் மெல்லியதாக மூன்று கை அடிக்க வேண்டும். தடிப்பாக ஒரே கையில் அடித்தவர் வீட்டில்தான் செதில் செதிலாக உரிந்தது. அடிப்பவர் கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கிவிடும்.

பாளைப் பொறியாளர் எழுதியது:

ஐயா, உங்கள் கருத்தை மதிக்கிறேன். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்களுக்கு அதை விடச் சிறந்த பூச்சு கிடையாது என்பதும் என் கருத்தே. அத்தகைய வீடுகளில் எமல்ஷனும் சிமெண்ட் பூச்சும் செய்வது அவற்றுக்குக் கேடு. ஆனால் தம்பியின் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே பட்டியும் இரண்டு தலைமுறை எமல்ஷனும் இருக்கின்றன. அந்தப் பளபளப்பான ஏட்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. முதல் மழையில் வழிந்து தரைக்கு வந்துவிடும். முழுச்சுவரையும் சுரண்டிப் பூச்சு தெரியும்படி செய்தால்தான் முடியும், அது அவருடைய சக்திக்கு மீறிய செலவு. எனவே ஒரே வீட்டில் இரண்டு வகைப் பூச்சு என்பதே என் யோசனை.

தெற்குப் பக்கத்து மண்ணை அடித்தள மட்டத்துக்கு அரை அடி கீழே வரை இப்போதே வெட்டி எடுத்துவிடுங்கள். துவைக்கிற கல்லை இடம் மாற்றுங்கள், அல்லது தண்ணீர் வாறுகாலுக்கு (வடிகாலுக்கு) ஓடும்படி சிமெண்ட் தளம் போடுங்கள். உதிரும் பூச்சை, கறை தெரியும் மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை கொத்தி, செங்கல் தெரியும்படி எடுத்துவிட வேண்டும். மூட்டுகளையும் கொஞ்சம் சுரண்ட வேண்டும். வெளியே பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், அது கரைந்து மீண்டும் உள்ளேதான் போகும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி, வாரி, வீட்டுக்கு அப்பால் கொட்டுங்கள். மாசி முழுவதும் செங்கல் திறந்தே காயட்டும். அதன்பின் ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு கழுவிய மணல் என்ற கலவையில் பூசி, அதை நல்ல தண்ணீரால் மட்டுமே நனைத்து வர வேண்டும். இந்தக் கீழ்ப்பகுதிக்குப் பட்டி வேண்டாம், எமல்ஷனும் வேண்டாம். சுண்ணாம்போ சிமெண்ட் பெயிண்டோ அடிக்கலாம், இரண்டும் சுவரை மூச்சுவிட வைக்கும். மேல்பகுதியில் கழன்றதைச் சுரண்டி, மாவு போகத் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, ப்ரைமரும் எமல்ஷனும் அடியுங்கள். இரண்டும் சேருமிடத்தில் ஒரு பட்டைக் கோடு இழுத்து, கீழே காவி நிறம் வைத்தால் வேறுபாடு உறுத்தாது. காவி இரும்பு ஆக்சைடு ஆதலால் வெயிலுக்கும் வெளுக்காது. தேரி மண்ணின் சிவப்பும் அதே இரும்பு ஆக்சைடுதான்.

குற்றாலச் சாரல் எழுதியது:

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுதுகிறேன். எங்களுக்குக் கடலுப்பு இல்லை, ஆனால் ஆனி முதல் ஆவணி வரை சாரல் விடாது. மேற்குச் சுவரில் பாசி படிந்து கறுத்துவிடும். மேலே சொன்ன கறுப்புக் கோடும் அந்தப் பாசிதானே? பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவச் சொல்கிறார்கள். கூடவே அமிலம் ஊற்றினால் இன்னும் வெளுக்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

பூச்சுக்காரர் (நாசரேத் பக்கம்) எழுதியது:

அக்கா, அமிலத்தை அதோடு சேர்க்கவே கூடாது. பிளீச்சிங் பவுடரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூச்சுக்குழாயை எரித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தூரிகையால் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, நார்த் தூரிகையால் தேய்த்து, நல்ல தண்ணீரால் தாராளமாக அலச வேண்டும். அலசாமல் விட்டால் அதுவே சுவரில் ஈரம் இழுக்கும் உப்பாகத் தங்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாசியின் மேலேயே பெயிண்டை அடிப்பவர்களை வேலைக்கு வைக்காதீர்கள். அந்த ஏடு பாசியோடு சேர்ந்து கழன்று வரும்.

கறுப்புக் கோடு வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சன்ஷேடின் அடிப்பக்கத்தில் ஓரத்தை ஒட்டி ஒரு காடி (நீளப் பள்ளம்) இருந்தால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காடி இல்லாத சன்ஷேடில் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து சுவருக்கு வந்து, அதன் வழியே இறங்கும். அந்த வழியில்தான் பாசி வளரும். பூசுவதற்கு முன் கொத்தனாரை வைத்து அந்தக் காடியை வெட்டிக்கொள்வது நல்லது.

கடலோரவாசி எழுதியது:

அந்தத் துருக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் அண்ணாச்சி. அதன் மேல் ரெட் ஆக்சைடு அடித்துவிட்டுப் பெயிண்ட் பூசினால் போதுமா?

பாளைப் பொறியாளர் எழுதியது:

போதாது. துரு, தான் உண்டான இரும்பைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் கான்கிரீட் வெடித்துக் கோடு தெரிகிறது. இதைப் பெயிண்டால் மூடினால், அந்தத் துண்டு ஒருநாள் கீழே நிற்பவர் தலையில் விழும். தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியைச் சுற்றிலும் திறந்து, வெள்ளைக் கம்பி தெரியும்வரை துருவைத் தேய்த்து, கம்பிக்கான காப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். கம்பி கால் பங்குக்கு மேல் கரைந்திருந்தால் புதுக்கம்பி சேர்க்காமல் மூடாதீர்கள். ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட்டம் கேட்கிறது. நம் ஊர்ச் சன்ஷேடுகளில் விரல் தடிமன்கூடக் காண்பது அரிது. ஜன்னல் கம்பிகளைப் பொறுத்தவரை, முதலில் நல்ல தண்ணீரால் கழுவி, படிந்த உப்பு போன பிறகு உலரவிட்டுத் தேய்த்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிடுங்கள். உப்பின் மேல் அடித்த ப்ரைமரை இந்தக் காற்று அடுத்த ஆண்டே உரித்துவிடும். பழைய எனாமலைத் தேய்க்கும்போது முகத்தை மூடிக்கொள்ளுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017-இல்தான்.

கடலோரவாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தெற்குப் பக்கத்து மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டோம். அம்மாவிடமும் விளக்கமாகப் பேசினேன். இதுவரை எதுவும் பூசாத சுற்றுச்சுவருக்கும் கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கும் பொங்கலுக்கு முன் ஆசிரியர் ஐயா சொன்ன முறைப்படி கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பது, வீட்டுச் சுவரை மாசிக்கும் பங்குனிக்கும் விடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். வாசலில் பொங்கல் வைக்கும்போது சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் போதும் என்று அம்மா ஒப்புக்கொண்டார்கள். பூச்சுக்கார அண்ணாச்சி, மேல்பகுதி வெளிச்சுவர் ஏறத்தாழ 1200 சதுர அடி வரும். எவ்வளவு பெயிண்ட் வாங்க வேண்டும்? சுவர் காய்ந்துவிட்டதை எப்படி உறுதி செய்வது?

பூச்சுக்காரர் (நாசரேத் பக்கம்) எழுதியது:

தம்பி, இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடி வரை கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் வாளி ஒன்றும் அதற்கு மேல் 4 லிட்டர் டப்பா ஒன்றும் போதுமானவை. இதைவிட மிகவும் குறைவாக ஒருவர் முடித்துத் தருகிறேன் என்றால், அவர் தண்ணீரை அதிகம் கலக்கப்போகிறார். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு குவளைகூடச் சேர்க்கவிடாதீர்கள். கலக்கும் தண்ணீர் தாமிரபரணிக் கூட்டுக் குடிநீராக இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று உவர்நீர் அந்த வாளிக்கருகில்கூட வர வேண்டாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசாமல், சுரண்டிக் கழுவும் வேலைக்கு மட்டும் நாள் கூலி பேசுங்கள். மொத்தமாகப் பேசிய வேலையில் முதலில் சுருங்குவது அந்தச் சுரண்டல்தான்.

சுவர் காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டு எடுங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்துகள் இருந்தாலோ, சுவர் அந்த இடத்தில் மட்டும் நிறம் கருத்திருந்தாலோ இன்னும் காத்திருங்கள். தெற்குச் சுவரில் ஓரிடம், கிழக்குச் சுவரில் ஓரிடம், குளியலறைக்குப் பின்பக்கம் ஓரிடம் எனப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். மாசி முதல் வாரத்தில் சாரம் கட்டுவதற்கு ஆள் வைத்துவிடுகிறேன்.